‘மாமரத்து வீடு’ குழு: டக்சன் ஏன் டேக்கைக் கட்டினாள்?

வித்யா: கமலா அத்தை நேற்று ராத்திரி 20-வது பகுதியையும் முடித்துவிட்டார்களாம். இனி இந்தக் குழுவில் ரிப்ளை 1988 கொரியத் தொடரைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். நாயகி டக்சன், தெருத் தோழர்கள் ஜங்ஹ்வான், டேக் இருவரில் டேக்கைத்தானே கடைசியில் கட்டிக்கொண்டாள்.

கமலா அத்தை: முடித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை. ஜங்ஹ்வானுக்கு இப்படிச் செய்திருக்கவே கூடாது. பஸ்ஸில் கூட்டம் நெரிக்கும்போது டக்சன் மேல் யாரும் இடித்துவிடக் கூடாதென்று, கையில் நரம்பு புடைக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி அரண் மாதிரி நின்றானே, அந்த இடத்திலேயே இவன்தான் மாப்பிள்ளை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

கார்த்தி: நீங்கள் மட்டுமில்லை அத்தை. 2015 நவம்பரில் டிவிஎன் சானலில் இது ஓட ஆரம்பித்தபோது கொரியாவிலேயே உங்கள் கட்சிக்குப் பெரிய கூட்டம் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் கணவன் ரியூ ஜுன்யோல்தான் என்று கோஷமே வைத்திருந்தார்கள். அவர்தானே ஜங்ஹ்வானாக நடித்தவர்.

மைதிலி சித்தி: எனக்குக் கோபமெல்லாம் அந்தப் பேட்டிக் காட்சிகள் மேல்தான். பெரியவளான டக்சனாக லீ மியோனும், இன்னாரென்று சொல்லாமலே கணவனாகக் கிம் ஜுஹ்யுக்கும் உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்கள். அந்த மனிதர் வெடுக்கென்று பேசுகிறார், பெண்டாட்டியைச் சீண்டுகிறார், அச்சு அசல் ஜங்ஹ்வான். டேக் எப்போது அப்படிப் பேசினான்? வேண்டுமென்றே நம்மைத் திசை திருப்பியிருக்கிறார்கள்.

ராமன் பெரியப்பா: அந்தக் கிம் ஜுஹ்யுக் 2017-ல் கார் விபத்தில் போய்விட்டார். நல்ல நடிகர்.

மைதிலி சித்தி: ஐயோ, தெரியாதே 😢

கார்த்தி: சித்தி சொல்வது சரி. இன்னொன்று, இதே இயக்குநர் ஷின் வொன்ஹோவும் எழுத்தாளர் லீ ஊஜங்கும் எடுத்த முந்தின தொடர்கள் இரண்டிலும் இதே ‘கணவன் யார்’ விளையாட்டுதான். அதில் ரிப்ளை 1994-ல் யார் ஜெயித்தார் என்று பார்த்தால்

கமலா அத்தை: டேய், நிறுத்து. அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

கார்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

வித்யா: நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள், நீளமாகத்தான் இருக்கும். நாம் எல்லோரும் டக்சனை யார் காதலிக்கிறார்கள் என்றே தேடிக்கொண்டிருந்தோம், கதையோ டக்சன் யாரைக் காதலிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தது. முதல் பகுதியை நினைத்துப் பாருங்கள், அக்கா போராவின் பிறந்தநாள் கேக்கிலேயே இவளுக்கும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள், முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும் போகிறது, கோழிக்காலும் அவர்களுக்குத்தான், ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் வெடித்து அழுகிறாள். வீட்டில் தனக்கென்று எதுவும் ஒதுக்கப்படாமல் வளர்ந்த நடுப்பிள்ளை. அதனால்தான் சிநேகிதிகள் ‘சன்வூவுக்கு உன்னைப் பிடித்திருக்கிறது’ என்றதும் அதே தெரு நண்பன் சன்வூ மேல் மனசு போகிறது, அவன் போராவைத்தான் விரும்புகிறான் என்று தெரிந்து உடைந்துபோகிறாள், அப்புறம் ‘ஜங்ஹ்வானுக்குப் பிடித்திருக்கிறது’ என்றதும் அவன் பக்கம் திரும்புகிறாள். இரண்டுமே இன்னொருவர் சொல்லி வந்தது. டேக் விஷயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சீனாவில் போட்டி என்றதும் கூடவே போய் அவன் சாப்பாடு, தூக்கம் எல்லாம் இவளே பார்த்துக்கொள்கிறாள்.

கமலா அத்தை: அது பரிதாபம். பாதுக் என்கிற பலகை ஆட்டத்தில் காய் வைப்பதைத் தவிர உலகமே தெரியாத பிள்ளை, தாயில்லாதவன், தூக்க மாத்திரை போட்டுத் தூங்குகிறவன். அந்தத் தெருவே அவனைப் பார்த்துக்கொள்கிறது, இவளும் பார்த்துக்கொண்டாள்.

வித்யா: இன்னொரு நண்பன் டோங்ரியோங் அவளிடம் கேட்பானே, உன்னை யாருக்குப் பிடிக்கும் என்பதை விடு, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று. அந்தக் கேள்விக்கு அவளால் பதிலே சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வரும் பகுதிகளில் அவள் யாரைப் பார்க்கிறாள் என்று மட்டும் கவனித்துப் பாருங்கள் அத்தை. ஜங்ஹ்வானுக்காக அழுதே பார்த்தவள் நான், ஆனால் அந்தக் கேள்விக்கு விடை அவன் இல்லை.

கமலா அத்தை: அவன் மனசு உனக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போது அவன் அம்மா, எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாதுடா என்று தலையைக் குனிந்து சொல்லும் இடம் இருக்கிறதே, அந்த ரா மிரான் முகத்தை மறக்க முடியுமா? அதுவரை கேட்டதற்கெல்லாம் ‘உம்’ என்று மட்டும் பதில் சொன்ன பையன் அப்படியே ஆடிப்போகிறான். வாயால் சொல்லத் தெரியாதவன், அவ்வளவுதான்.

மைதிலி சித்தி: அண்ணி, அதுதானே அவன் தோற்ற காரணமே. 18-வது பகுதியில் டக்சன் இருக்கும் கச்சேரிக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போகிறான், சிக்னல் சிக்னலாகச் சிவப்பு. போய் இறங்கினால் டேக் முன்னாடியே வந்து மூச்சிரைக்க நிற்கிறான். என்னைத் தடுத்தது சிக்னல் இல்லை, நான் தயங்கிய தயக்கம்தான் என்று அவனே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறானே.

வித்யா: டேக் எப்படி வந்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். பாதுக்தான் உயிர் என்று இருந்தவன்! முன்னால் ஒரு தடவை ஜங்ஹ்வானின் பர்ஸில் இருந்த போட்டோவைப் பார்த்துவிட்டு, நண்பனுக்காக ஒதுங்கிப் போனவனும் இவனேதான். இரண்டு பேருமே விட்டுக்கொடுத்தவர்கள், கடைசியில் ஒருவன்தான் கிளம்பி வந்தான்.

கமலா அத்தை: மோதிரக் காட்சி?

கார்த்தி: அதைச் சொல்லாதீர்கள் அத்தை. ஜங்ஹ்வான் காலையில் அவளோடு பஸ்ஸில் போக வாசலில் காத்திருந்தது, ராத்திரி அவள் படித்துவிட்டு வரும்வரை தூங்காமல் இருந்தது, எல்லாவற்றையும் நண்பர்கள் முன்னாலேயே கொட்டிவிட்டு, கடைசியில் டோங்ரியோங்கைப் பார்த்து, போதுமா, சும்மா விளையாட்டுக்குத்தான் என்கிற மாதிரி முடித்துவிடுவான். டக்சன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அது உண்மை என்று தெரிந்துவிட்டது. மோதிரம் மட்டும் மேசையிலேயே இருக்கும்.

ராமன் பெரியப்பா: எல்லோரும் கணவனையே தேடுகிறீர்கள், எனக்குப் பிடித்தது போரா, சன்வூ கதைதான். அங்கே ஒரே குடும்பப் பெயர், ஒரே பூர்வீகம் என்றால் கல்யாணம் பண்ணக் கூடாதென்று சட்டமே இருந்தது. நம் பங்காளி முறை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் சங் குடும்பம், அதனால்தான் அம்மாக்கள் அப்படிக் கலங்குகிறார்கள். 1997-ல் அவர்கள் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தடை சாசனத்துக்கு ஒவ்வாது என்றது, சட்டப் புத்தகத்தில் மாறியது 2005-ல். கதை நடக்கும் காலத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய மலை அது.

வித்யா: பெரியப்பா, இதை இவ்வளவு விவரமாக நான் யோசிக்கவே இல்லை. அந்த அம்மாக்கள் அழுததற்கு இப்போதுதான் முழுக் காரணம் புரிகிறது.

மைதிலி சித்தி: எனக்கு அவர்கள் குடியிருக்கும் அந்தச் சாங்முன்-டோங் சந்து போதும். சாயங்காலம் ஒரு வீட்டில் செய்ததைக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, அங்கிருந்து வேறொன்று திரும்பி வர, பிள்ளைகள் தட்டும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடி ஒருவரை ஒருவர் தாண்டிப் போகிறார்கள். அதில் டேக்கின் அப்பாவும் சன்வூவின் அம்மாவும் அந்த வயதில் ஒருவருக்கொருவர் துணையாக ஆனதை எவ்வளவு மரியாதையாக எடுத்திருக்கிறார்கள்!

கமலா அத்தை: ஆமா, அது எனக்கும் பிடித்தது. சரி, டக்சனுக்கு டேக்தான் பிடித்திருந்தது என்பதை ஏற்கிறேன், வித்யா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 20 பகுதி ஓட்டினவர்கள் கடைசிப் பகுதியில் ஜங்ஹ்வானுக்கு உருப்படியாக ஒரு காட்சி வைத்திருக்கலாம். அவன் என்ன ஆனான், சந்தோஷமாக இருக்கிறானா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

வித்யா: அதில் நான் முழுக்க உங்கள் பக்கம் அத்தை. அவனை அப்படியே விட்டதுதான் இந்தத் தொடரின் பெரிய குறை.

கமலா அத்தை: சனிக்கிழமை 1994 ஆரம்பிக்கிறேன். கார்த்தி, நீ முடியும்வரை வாயைத் திறக்காதே.

கார்த்தி: சரி அத்தை. ஆனால் பேஸ்பால் ஆடுகிற பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

கமலா அத்தை: கார்த்தி!