ஸ்டேட் கேப்பிடலுக்குள் போன அனுபவங்கள்

ஆஸ்டின், டெக்சஸ்

ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேப்பிடலுக்குத்தான். டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது, யாரைப் பார்க்க வந்தாய் என்று கேட்பாரும் இல்லை. வாசலில் மெட்டல் டிடெக்டர் மட்டும் உண்டு. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்த வரிசையும் இல்லாமல் தனி வழி! இதைக் கேட்டு என் மாமனாருக்குத் தலை சுற்றிவிட்டது. எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் காத்துக் கிடந்து, கோட்டையில் சட்டசபை பார்க்கப் பாஸ் வாங்கியவர் அவர்.

1888இல் கட்டி முடித்த கட்டடம். செந்நிற கிரானைட். கட்டுவதற்குக் கையில் காசு இல்லாததால் டெக்சஸ் அரசு பணத்துக்குப் பதிலாக 30 லட்சம் ஏக்கர் நிலத்தைக் கான்டிராக்டர்களுக்கு எழுதிக் கொடுத்தது. கல் வெட்டச் சிறைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள். அதைக் கண்டித்துத் தொழிற்சங்கம் வேலைக்கு வர மறுத்ததும், ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்களைக் கப்பலில் இறக்கினார்கள். வாஷிங்டன் கேப்பிடலைவிட இது உயரம் என்று இந்த ஊர்க்காரர்கள் யாரிடமும் சொல்லாமல் விடமாட்டார்கள்.

சுற்றிப் பார்ப்பது வேறு, உள்ளே போய்ப் பேசுவது வேறு. நான் பேசப் போனது 2023இல். சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா குடிமக்கள் டெக்சஸில் நிலம் வாங்கத் தடை என்று ஒரு மசோதா வந்தது. செனட் (மேலவை) பில் 147. இந்தியா பட்டியலில் இல்லை, நமக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் டீமில் இருக்கும் சீனத் தோழி அப்போதுதான் வீடு பார்த்துக்கொண்டிருந்தாள். துணைக்கு வா என்றாள், போனேன்.

இங்கே சட்டமன்றம் வழக்கமாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் கூடுகிறது. உறுப்பினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர்! (வக்கீலும் வியாபாரியும் பண்ணைக்காரரும் நிறைய இருப்பது ஏன் என்று இதிலேயே தெரியும்.) இரண்டு வருட வேலையை 140 நாளில் அடைப்பதால், மசோதா பற்றிப் பொதுமக்கள் வந்து பேசும் கமிட்டி ஹியரிங்குக்கு நேரம் காலம் கிடையாது. சபை முடிந்த பிறகு என்று போட்டிருப்பார்கள். சபை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

ஹியரிங் அறைகள் பெரும்பாலும் கட்டடத்துக்குப் பின்னால் பூமிக்கடியில் 1993இல் திறந்த பகுதியில் இருக்கின்றன. ஆதரவா, எதிர்ப்பா, பொதுவாகப் பேசவா என்று பதிந்துவிட்டு உட்கார வேண்டியதுதான். வராண்டா முழுக்கச் சீனக் குடும்பங்கள், பாட்டிகள், ஸ்ட்ரோலரில் குழந்தைகள். தோழி எழுதி வைத்ததை மடித்து மடித்து, மடிப்பில் இருந்த வரி அழிந்தே போய்விட்டது. பெயரைக் கூப்பிட்டபோது காகிதத்தைப் பார்க்காமலே பேசினாள். இரண்டு நிமிடம். ஒரு உறுப்பினர் போனில் இருந்தார், இன்னொருவர் சாண்ட்விச் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒருவர் நிமிர்ந்து, "எவ்வளவு வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவளுக்கு அடுத்து நான். என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை.

பலன் என்ன என்று கேட்பீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு விலக்கு கொடுத்து மசோதா செனட்டில் நிறைவேறியது. கீழவையான ஹவுஸில் படுத்துவிட்டது. 2025இல் செனட் பில் 17 என்று திரும்ப வந்தது, சட்டமும் ஆகிவிட்டது. அந்த விலக்கு, வராண்டாவில் நின்ற கூட்டத்தால் வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது.

ஹவுஸ் பார்வையாளர் கேலரியில் ஒரு வேடிக்கையைத் தவறவிடாதீர்கள். ஓட்டுப் போட மேசையில் பட்டன் உண்டு. ஒரு உறுப்பினர் எழுந்து, ஆள் இல்லாத பக்கத்து மேசைகளிலும் வரிசையாக அழுத்திக்கொண்டே போவார். மேலே போர்டில் பச்சை விளக்குகள் பளிச் பளிச்சென்று விழும். மாமனார் அன்று வாய்விட்டுச் சிரித்தது இதைப் பார்த்துத்தான்.

மேடிசன், விஸ்கான்சின்

ஆஸ்டின் நண்பரே, உங்களுக்குப் பூமிக்கடியில் வராண்டா, எங்களுக்குக் குவிமாடத்துக்குக் கீழே இருக்கும் வட்ட மண்டபமான ரொட்டண்டாவின் தரை. 2011 பிப்ரவரியில் கவர்னர் ஸ்காட் வாக்கர் அரசு ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து சம்பளம் பேசும் கூட்டுப் பேர உரிமையை வெட்டும் மசோதாவைக் கொண்டுவந்தார். நான் அப்போது யுனிவர்சிட்டியில் டி.ஏ. (டீச்சிங் அசிஸ்டன்ட்) மாணவன். எங்கள் டி.ஏ. சங்கம்தான் காதலர் தினத்தன்று கவர்னருக்கு வாழ்த்து அட்டைகளோடு முதலில் கிளம்பியது. அடுத்த சில நாளில் ஆயிரக்கணக்கில் கூட்டம்.

வேலை விசாவான எச்-1பிகூட இல்லை, வெறும் மாணவர் விசா எஃப்-1. போலீஸ் பிடித்தால் விசா என்ன ஆகும் என்ற பயத்தில் கதவருகிலேயே நின்றேன். பிறகு ஸ்லீப்பிங் பேக் எடுத்துக்கொண்டு போனேன் என்பது வேறு கதை. பளிங்குத் தரையின் குளிர் ஸ்லீப்பிங் பேக்கைத் தாண்டி முதுகில் ஏறும். ராத்திரியிலும் மேளம் நிற்காது. சுவரெல்லாம் போஸ்டர், ஆனால் நீல பெயின்டர் டேப் மட்டும்தான். பளிங்கு கெட்டுவிடக் கூடாது என்று போராடுகிறவர்களே டேப்பைச் சரிபார்த்துக்கொண்டு திரிந்தார்கள். ஸ்டேட் ஸ்ட்ரீட் பீட்சா கடைக்கு எங்கெங்கோ இருந்து, எகிப்திலிருந்துகூட, யார் யாரோ போனில் காசு கட்ட, பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சுருக்கமாகச் சொன்னால் அந்த மாதம் நான் சமைக்கவே இல்லை. மசோதாவின் உரிமை வெட்டில் தீயணைப்பு வீரர்களுக்கு விலக்கு இருந்தது. அவர்களே பேக்பைப் ஊதிக்கொண்டு உள்ளே வந்தபோது எழுந்த சத்தத்தை அதற்கப்புறம் எந்த ஸ்டேடியத்திலும் நான் கேட்டதில்லை.

போதிய உறுப்பினர்கள் இல்லாமல் செய்து ஓட்டெடுப்பைத் தடுக்க 14 டெமாக்ரட் செனட்டர்கள் இல்லினாய்க்குப் போய் உட்கார்ந்தார்கள். கூவத்தூர் நடக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது! இங்கே யாரும் அடைத்து வைக்கவில்லை, அவர்களாகவே போனார்கள், அதுதான் வித்தியாசம். கடைசியில் மார்ச்சில் சட்டம் வந்துவிட்டது.

லிங்கன், நெப்ராஸ்கா

எங்கள் ஊரில் இவ்வளவு சத்தம் இல்லை. பெரிய குவிமாடத்துக்குப் பதில் 400 அடி கோபுரம், உச்சியில் விதை தூவும் மனிதன் சிலை. 1937 முதல் ஒரே சபை. இப்போது 49 செனட்டர்கள், வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே இருக்காது. (யார் எந்தக் கட்சி என்று எல்லோருக்கும் தெரியும், அது வேறு.) எம்.ஜி.ஆர். 1986இல் மேலவையைக் கலைத்த கதையை ஒரு செனட்டரின் உதவியாளரிடம் சொன்னேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். ஏன் கலைத்தார் என்று கேட்டார், பேச்சை மாற்றிவிட்டேன்.

இங்கே ஏறக்குறைய எந்த மசோதாவாக இருந்தாலும் பொது ஹியரிங் கட்டாயம் உண்டு. பயந்து பயந்து முதல் தடவை பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

ராலே, வட கரோலைனா

ஆஸ்டின் நண்பருக்கு ஒரு கேள்வி. மார்ச்சில் அங்கே வருகிறோம், ஆறு வயதுப் பையன் இருக்கிறான். கேலரியில் விடுவார்களா? பார்க்கிங் எங்கே?

ஆஸ்டின், டெக்சஸ்

தாராளமாக விடுவார்கள். பையன் கத்தினால் வெளியே கூட்டி வந்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் ஒற்றைப்படை வருடமா என்று பார்த்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் காலி நாற்காலிதான். சான் ஹசின்டோ தெருவில் விசிட்டர் கராஜ் இருக்கிறது, முதல் இரண்டு மணி நேரம் இலவசம். ஹியரிங்குக்கு வருவதானால் அந்த இரண்டு மணி நேரம் போதவே போதாது, பஸ்ஸில் வாருங்கள்.