புதுப்பிப்பு: சீன மாணவர்களுக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வு

சீனாவின் செங்டூ நகரில் என் முதலாண்டு மாணவர்கள் ஆங்கிலம் நன்றாக வாசிக்கிறார்கள், பேச்சுத் தேர்வில் மட்டும் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

இருவர் இருவராகப் பேசவிடுங்கள் என்ற யோசனைதான் பலித்தது. ரயில் நேர அட்டவணையை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தேன். ஒருவரையொருவர் கேட்டால்தான் அது முழுமையாகும். என்னிடம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவர்கள் தோழர்களிடம் ஐந்து நிமிடம் பேசினார்கள்.

எதிர்பாராதது: 'ஹீ', 'ஷீ' மாறி மாறி வந்தன. சீனப் பேச்சில் இரண்டுக்கும் 'தா' என்ற ஒரே ஒலிதான், எழுத்தில்தான் வேறுபாடு. பொருள் புரிந்தால் போதும் என்று மதிப்பெண் குறைக்கவில்லை.

அப்புறம், வாசித்ததைச் சீனத்திலேயே இரண்டு வரியில் எழுதச் சொன்னேன். சக ஆசிரியர் திருத்தித் தந்தார். வாசிப்புக் கேள்விகளுக்கு விடையை ஊகித்தே குறித்து வந்தவர்களுக்கு எங்கே உதவி தேவை என்பது அதில்தான் தெரிந்தது.