பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி.: மெத்தில்பெனிடேட்டா, அட்டோமாக்சிடினா?

ஓசூர் அக்கா: என் தம்பி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்கிற கவனக் குறைபாடு இருக்கிறது என்று மனநல மருத்துவர் உறுதிசெய்தார். அதற்கான மெத்தில்பெனிடேட், அட்டோமாக்சிடின் என்ற இரண்டு மருந்துகளையும் விளக்கி, யோசித்து வரச் சொல்லியிருக்கிறார். வேறொரு மருத்துவர் மனச்சோர்வுக்குக் கொடுத்த ஃப்ளூவாக்சிடினையும் சாப்பிடுகிறான். எது நல்லது?

பாலக்கோடு ஆசிரியை: தயங்காமல் மெத்தில்பெனிடேட். நான் அதைத்தான் சாப்பிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்குள் பலன் தெரிகிறது. முன்பெல்லாம் மூன்று விடைத்தாள்கள் பாதி திருத்தியபடி விரிந்து கிடக்கும். நான் ஜன்னலைச் சாத்தப் போயிருப்பேன். இப்போது ஒரு தாளில் கூட்டல் போட்டு முடித்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். அட்டோமாக்சிடின் நன்றாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வேலையே ஆட்டம் காணும்போது அவ்வளவு நாள் காத்திருக்க முடியுமா?

தருமபுரி மருந்தாளுநர்: டீச்சர், உங்களுக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்லிவிட முடியாது. 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பில், குழந்தைகளிடம் மெத்தில்பெனிடேட் முந்தியது. பெரியவர்களிடம் இவை இரண்டும் சராசரியில் ஏறக்குறைய சமம். முன்னால் நின்றது ஆம்ஃபெட்டமின் என்ற இன்னொரு வகை மருந்து. அது நம் ஊர்க் கடைகளில் கிடையாது. மெத்தில்பெனிடேட்டும் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் பல கடைக்காரர்கள் வாங்கி வைப்பதில்லை. சீட்டோடு வருபவரை வெறுங்கையோடு அனுப்பும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

பாலக்கோடு ஆசிரியை: கடையில் இல்லாதது மருந்தின் குற்றமா? மாவட்டத் தலைநகரில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். சராசரிக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. ஒருவருக்குக் கேட்காதது இன்னொருவருக்குக் கேட்கும். குறுகிய நேர மாத்திரை நான்கு மணி நேரம்தான் நிற்கும். ஷிப்டுக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

தருமபுரி மருந்தாளுநர்: இரவு ஷிப்ட் முடிந்து காலையில் தூங்க வேண்டியவன் விடியற்காலையில் அதைப் போட்டால் தூக்கம் போய்விடும். அட்டோமாக்சிடின் ஷிப்ட் பார்க்காமல் நாள் முழுவதும் நிற்கும்; போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் அச்சமும் இல்லை. குமட்டல், வாய் உலர்தல், சிறுநீர் பிரிவதில் சிரமம் வரலாம், அதை மறைக்கவில்லை. அக்கா, ஒன்றைக் கவனியுங்கள்: ஃப்ளூவாக்சிடின், கல்லீரலில் அட்டோமாக்சிடின் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவை உயர்த்திவிடும். டோஸை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்.

பாலக்கோடு ஆசிரியை: மெத்தில்பெனிடேட் அந்த வழியில் சிதைவதில்லையே! இந்தத் தம்பிக்கு அதுதான் முதலில் என்று நான் சொல்ல இதுவே போதும். பசி குறையும், காலைச் சாப்பாட்டை மட்டும் விடக் கூடாது.

தருமபுரி மருந்தாளுநர்: அதற்காக மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று ஆகாது. இரண்டுமே இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் கூட்டக்கூடியவை. தொடங்கும் முன்பும், டோஸ் கூட்டும்போதும் அளந்து பார்க்க வேண்டும். இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஓசூர் அக்கா: தம்பியிடம் இப்போதுதான் கேட்டேன். ஃப்ளூவாக்சிடின் சாப்பிடுவதைப் புதிய மருத்துவரிடம் அவன் சொல்லவே இல்லையாம். அடுத்த முறை மாத்திரை அட்டையோடு நானும் கூடப் போகிறேன். மெத்தில்பெனிடேட் எழுதினால் எந்தக் கடையில் மாதாமாதம் தடையில்லாமல் கிடைக்கும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.