கௌரி வீட்டு ஹாலுக்குக் கப்பல் படம்

*தாத்தா வீட்டுப் பிள்ளைங்க*

கௌரி: [படம்] இதைப் பெருசா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப் போறோம். வியாழன் பால் காய்ச்சுறதுக்குள்ள வேணும். செந்தில், என்ன அளவு சொல்லட்டும்?

பெரியப்பா: கப்பல் முழுகுற படம் வீட்டுக்கு ஆகாதும்மா

மாலதி அத்தை: அப்பா படம் எங்க மாட்டுறீங்க? அதை முதல்ல சொல்லுங்க

செந்தில்: பெரியப்பா, இது ஐவசோவ்ஸ்கிங்கற ரஷ்ய ஓவியர் 1850ல வரைஞ்ச 'ஒன்பதாம் அலை'. கப்பல் இதுல இல்லவே இல்லை. உடைஞ்ச பாய்மரத்தைப் பிடிச்சுக்கிட்டு உயிர் தப்பினவங்கதான் இருக்காங்க. மேல சூரியன் வந்துடுச்சு பாருங்க.

பெரியப்பா: அலை நிக்கலையே

செந்தில்: அண்ணி, ரஷ்ய அருங்காட்சியகத்துல இருக்கற அசல் 221 × 332 செ.மீ. அதாவது 2க்கு 3. நீங்க 32 × 48 அங்குலம் சொல்லுங்க, ஆறடி சோபாவுல மூணுல ரெண்டு பங்கு வரும். 36 × 48 பிரேம் ரெடியா இருக்குன்னு சொன்னா வாங்காதீங்க. அதுக்கு அடக்க, அகலத்துல 6 அங்குலம் வெட்டிடுவாங்க.

கௌரி: கண்ணாடி போடவா?

செந்தில்: வேணாம். 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே 10 கிலோ வரும். எதிர்ல பால்கனி வேற, இருட்டுக் கடல் முழுக்க ஜன்னல்தான் தெரியும். கேன்வாஸ் போடுங்க. சட்டத்துல மடிக்க நாலு பக்கமும் 2 அங்குலம் கூடுதலா விடச் சொல்லணும், இல்லைன்னா படத்தையே மடிச்சு ஆணி அடிச்சுடுவாங்க. ஃபைல் 7200 × 4800 பிக்சலாவது இருக்கணும். இங்க போட்டதைக் கொடுத்தா நுரையெல்லாம் கட்டம் கட்டமா உடையும்.

செல்வம் மாமா: சமையலுக்கு 150 பேரா 180 பேரா? மாஸ்டர் கேக்கறார்

மாலதி அத்தை: மதுரைக்காரங்களுக்குச் சொன்னீங்களா? போன தடவை மாதிரி ஆகக் கூடாது

கார்த்தி: நேர்லயே போய்ச் சொல்லிட்டோம் அத்தை. செந்தில், கான்கிரீட் ஆணி இருக்கு, போதுமா?

செந்தில்: அண்ணா, உங்க சுவர் ஏஏசி கல்லு, அதாவது உள்ள காத்துக் குமிழி நிறைஞ்ச லேசான சிமெண்ட் கல்லு. ஆணி நிக்காது, தூளா கொட்டும். அந்தக் கல்லுக்குன்னே பிளக் விக்குது, அதை வாங்குங்க. டிரில்ல ஹேமரை அணைச்சுட்டு ஓட்டை போடணும். ரெண்டு ஹூக் அடிங்க, ஒண்ணுன்னா சாயும். படத்தோட நடு தரையிலருந்து 57 அங்குலம். பூச்சு முடிஞ்சு எத்தனை நாளாச்சு?

கார்த்தி: மூணு வாரம்

செந்தில்: அப்ப இன்னும் ஈரம் காஞ்சிருக்காது. இப்பவே மாட்டினா கேன்வாஸ் முதுகுல பூஞ்சை பிடிக்கும். வியாழன் வேணாம்ணா. மாட்டும்போது நாலு மூலையிலும் பின்னாடி ரப்பர் பொட்டு ஒட்டுங்க, காத்து போகணும்.

பெரியப்பா: காஞ்சப்புறம் மாடி ரூம்ல மாட்டிக்கோங்க. ஹால்ல அப்பா படம்

கௌரி: மாடி ரூம்ல தள்ளி நின்னு பாக்க இடமே இல்லையே பெரியப்பா

செந்தில்: அளந்து அனுப்புங்க அண்ணி. ஏழடியாவது வேணும்

செல்வம் மாமா: 150ஆ 180ஆ??