டீ பேக்டரி விறகுக்கு உமிழ்வு பூஜ்ஜியமா?

கட்டபெட்டு: 2035 வரைக்கும் போட்ட சினாரியோவில் (உமிழ்வுக் கணிப்பில்) நீலகிரி டீ பேக்டரி ட்ரையர் விறகைப் பூஜ்ஜியமாக வைத்திருக்கிறேன். ஐபிசிசி (ஐ.நா. காலநிலைக் குழு) முறையில் அதன் கார்பன் டை ஆக்சைடு எரிசக்தி மொத்தத்தில் சேராது, தனியே குறித்தால் போதும். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?

அரவேனு: உண்டு சார். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் எரிசக்தியிலேயே சேரும். காய்ந்த விறகு டன்னுக்கு 15.6 ஜிகாஜூல், ஐபிசிசி 2006 வழிகாட்டியின் பொதுக் காரணிப்படி (உள்ளூர் அளவீடு இல்லாதபோது எடுக்கும் மதிப்பு) இரண்டுமாக, கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாகச் சுமார் 30 கிலோ. அதே டன் விடும் கார்பன் டை ஆக்சைடோ 1,750 கிலோ. அது நிலத் துறையில் (காடு, நிலப் பயன்பாட்டுக் கணக்கில்) மர இழப்பாக வந்தாக வேண்டும். உங்கள் தாளில் நிலத் துறையே இல்லை. 1,750 கிலோ எங்கே போனது?

கட்டபெட்டு: கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சில்வர் ஓக்கும் வெட்ட வெட்ட நடுகிறார்களே. வளர்ச்சியில் சரியாகிவிடும்.

அரவேனு: சரியாகிறதா என்பதை வெட்டிய டன், வளர்ந்த டன் என்று இரண்டு பத்தியில் காட்டுங்கள். சீகைக்கு (புல்வெளியில் பரவிய வாட்டில் மரம்) அந்தச் சமாதானமும் இல்லை. புல்வெளியை மீட்க வெட்டினால் மறுநடவு கிடையாது. உதாரணத்துக்கு ஹெக்டேருக்கு 100 டன் உலர் எடை என்றால், 100 × 0.47 × 44/12 = 172 டன் கார்பன் டை ஆக்சைடு (0.47 உலர் எடையில் கார்பனின் பங்கு, 44/12 அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற). எளிய முறையில் அத்தனையும் வெட்டிய வருடத்திலேயே விழும்.

சோலைக்குருவி: இப்படிப் போட்டால் புல்வெளி மீட்பே குற்றவாளி ஆகிவிடும்! அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவிட்டாயிற்று. பேஸ்லைனிலேயே (ஒப்பிடும் அடிப்படைக் கோட்டிலேயே) வையுங்கள், இரண்டு கோட்டிலும் இருந்தால் வித்தியாசத்தில் அடிபட்டுப் போகும்.

அரவேனு: வித்தியாசத்தில் அடிபடும், மொத்தத்தில் அடிபடாது. தேசியக் கணக்குக்குப் போவது மொத்தம்தான். உத்தரவு வேறு, வெட்டும் வேகம் வேறு. இதுவரை வருடத்துக்கு எத்தனை ஹெக்டேரோ அதுதான் பேஸ்லைன். அதற்கு மேல் வெட்டுவது தனி சினாரியோ.

சோலைக்குருவி: மண் கார்பனைச் சேர்க்காமல் மரத்தை மட்டும் எண்ணுவதை நான் ஏற்கமாட்டேன்.

அரவேனு: சேர்க்கலாம், ஆனால் பொதுக் காரணியில் அந்த மாற்றம் 20 வருடத்துக்குப் பரவும். முதல் வருடத்து 172-ஐ அது ஈடுகட்டாது.

கட்டபெட்டு: கரண்டுக்கு? குந்தா, பைக்காரா நீர்மின்சாரம்தானே.

அரவேனு: கிரிட்டில் (பொது மின் தொகுப்பில்) கலந்துதான் வருகிறது, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதையும் 2035 வரை அப்படியே இழுக்காதீர்கள். காற்றாலையும் சோலாரும் ஏற ஏறக் குறையும். நிலையாக வைத்தால் மின் ட்ரையர் வீணாகக் கெட்ட பெயர் வாங்கும்.

இன்னொன்று, விறகு டன் எங்கிருந்து எடுத்தீர்கள்?

கட்டபெட்டு: லாரி எடைமேடைச் சீட்டு.

அரவேனு: அது பச்சை மரம். பாதி தண்ணீர் என்றால் டன்னுக்குச் சுமார் 8 ஜிகாஜூல்தான், 15.6 போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். லோடுக்கு லோடு கட்டையின் நடுவில் வட்டமாக ஒரு துண்டு அறுத்து எடை போடுங்கள். 105 டிகிரி ஓவனில் எடை இறங்குவது நிற்கும்வரை வைத்து மறுபடி போடுங்கள். முனையில் அறுக்க வேண்டாம், அங்கே மட்டும் காய்ந்திருக்கும்.