பக்கத்து வீட்டு பையன் மிஷனரியா ஜப்பான் போறான், அங்க அவனுக்கு ஒரு நாள் எப்படி போகும்?

லீஹை_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க யூட்டால லீஹைல இருக்கோம், ஐடி வேலைக்காக வந்தவங்க. எங்க தெருவுல முக்காவாசி மார்மன் குடும்பங்க தான், அதாவது யூட்டால தலைமை இருக்குற ஒரு கிறிஸ்தவ சபைய சேந்தவங்க. பக்கத்து வீட்டு பையன் என் பையனோட சேந்தே வளந்தவன், ஆன்ட்டி ஆன்ட்டின்னு வந்து எங்க வீட்டு தோசை சாப்பிட்டு பெருசானவன். ஹைஸ்கூல் முடிச்சிட்டான், போன வாரம் மிஷன் கால் வந்துச்சு, அதாவது எந்த ஊருக்கு மத ஊழியத்துக்கு போகணும்னு சர்ச் அனுப்புற அழைப்பு. சொந்தக்காரங்க எல்லாம் ஹால்ல கூடி எந்த நாடா இருக்கும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருந்தாங்க, அவன் லேப்டாப்ல திறந்து ஜப்பான் சப்போரோ மிஷன்னு படிச்சதும் வீடே அதிர்ந்துச்சு, அவங்க அம்மா சிரிச்சிக்கிட்டே அழுதாங்க. எனக்கு தான் அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. 18 வயசு, வீட்ட விட்டு தனியா இருந்ததே இல்ல, முழுசா ரெண்டு வருஷம், நடுவுல லீவுக்கு கூட வரமாட்டானாம். அவங்க அம்மாகிட்ட துருவி துருவி கேக்கவும் சங்கடமா இருக்கு, அவங்க நம்பிக்கைய நான் சந்தேகப்படுற மாதிரி ஆயிடும். அங்க தினமும் என்ன பண்ணுவாங்க, சாப்பாடு செலவு யாரு பாப்பாங்க, நாங்க பேசலாமா, ஏதாவது அனுப்பலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. எந்த மதம் சரிங்குற சண்டை மட்டும் இங்க வேணாம் ப்ளீஸ்.

யூட்டா_வாசி:
அக்கா, நான் சால்ட் லேக் பக்கம் ரொம்ப வருஷமா இருக்கேன், என்கூட வேலை பாக்குறவங்கள்ல நிறைய பேர் மிஷன் போய்ட்டு வந்தவங்க தான். எந்த நாடுன்னு பசங்க தேர்வு பண்ண முடியாது, சர்ச் தலைமைல அப்போஸ்தலர்கள் முடிவு பண்றது. உலகம் முழுக்க 450 மிஷனுக்கு மேல, அதாவது ஊழியப் பகுதிங்க, இருக்கு, 70,000 பேருக்கு மேல ஒரே நேரத்துல வெளிய இருக்காங்க, அதனால நீங்க நினைக்கிற மாதிரி அனாதையா ஒரு மூலைல போய் நிக்கமாட்டான். முதல்ல ப்ரோவோல இருக்குற ட்ரெய்னிங் சென்டர், எம்டிசின்னு சொல்வாங்க. ஜப்பானிஸ் மாதிரி மொழி படிக்கணும்னா ரெண்டு மாசத்துக்கு மேலயே ஆகும். உங்க வீட்ல இருந்து கார்ல அரை மணி நேரம் தான், ஆனா போய் பாக்க முடியாது, பெத்தவங்களுக்கு அது தான் முதல் கஷ்டம்னு என் ஃப்ரெண்ட் சொல்லுவாரு.

சம்பளம் கிடையாது, செலவு அவங்க குடும்பத்தோடது. மாசம் 400 டாலரா இருந்துச்சு, 2020 ஜூலைல 500 ஆக்கிட்டாங்க. டோக்கியோ போனாலும் சரி, கானால ஒரு சின்ன ஊருக்கு போனாலும் சரி, இங்க இருக்குற குடும்பம் கட்டுறது ஒரே தொகை தான், எல்லாம் பொதுவுல போய் சேந்துடும். இல்லன்னா ஜப்பான் விலைவாசில பாதி குடும்பம் முழி பிதுங்கிடும். வீடு மிஷன் ஆபீஸ் பாத்து குடுக்கும், சாப்பாட்டுக்கு மாசாமாசம் கார்டுல காசு வரும், சமையல் அவங்களே. அதனால போறதுக்குள்ள சாதம் வடிக்கவும் ஒரு குழம்பு வைக்கவும் சொல்லிக்குடுங்க, நீங்க பண்ற பெரிய உதவி அதுவா தான் இருக்கும்.

நேரம்னு பாத்தா காலைல 6:30க்கு எந்திரிக்கணும், உடற்பயிற்சி, டிபன், அப்புறம் பைபிளும் மார்மன் புத்தகமும் படிக்கிறது, கூடவே மொழிப்பாடம். பத்து மணி வாக்குல வெளிய கிளம்புனா திரும்ப வர ராத்திரி ஒன்பது ஆகும், 10:30க்கு லைட் ஆஃப். சினிமா, கேம்ஸ், டேட்டிங் எதுவும் இல்ல. எனக்கு என்னமோ இது 18 வயசு பையனுக்கு ரொம்பவே அதிகமான கட்டுப்பாடா தான் தெரியுது, மனசுல பட்டத சொல்றேன்.

ஹொக்கைடோ_தமிழ்:
நான் சப்போரோல தான் இருக்கேன், ஆராய்ச்சிக்காக குடும்பத்தோட வந்தோம். எங்க அபார்ட்மென்ட்ல மேல் மாடில ரெண்டு எல்டர் இருக்காங்க, அதாவது இந்த மிஷனரி பசங்க. ஆள் மாறிக்கிட்டே இருப்பாங்க, ஆனா எப்பவும் ரெண்டு பேர். கருப்பு நேம் டேக் தான் அடையாளம், அதுல ஜப்பானிஸ்ல பேர் போட்டிருக்கும்.

சகோதரி, நீங்க முதல்ல கவலைப்பட வேண்டியது பனிய பத்தி தான். இங்க ஒரு சீசனுக்கு மொத்தமா அஞ்சு மீட்டர் கிட்ட கொட்டும். கோடைல சைக்கிள்ல சுத்துறவங்க டிசம்பர் வந்தா சைக்கிள உள்ள வெச்சிட்டு நடை, இல்லன்னா சப்வே. யூட்டா பையன்கிறதால குளிர் புதுசு இல்ல, ஆனா இங்க நடைபாதை கண்ணாடி மாதிரி உறைஞ்சிருக்கும், ஷூ அடி நல்லா பிடிக்கிறதா இருக்கணும். அத இங்க வந்தே வாங்கச் சொல்லுங்க, இந்த ஊர் ஐஸுக்குன்னே செஞ்ச ஷூ கடைல கிடைக்கும். கால் அளவு ரொம்ப பெருசுன்னா மட்டும் அங்கேயே பாத்துக்கங்க, இங்க பெரிய சைஸ் சிரமம்.

வீடு வீடா போறப்ப கதவ மூஞ்சில சாத்துறவங்க இங்க கம்மி. இன்டர்காம்லயே ரொம்ப மரியாதையா வேணாம்னு சொல்லிடுவாங்க. நாள் பூரா அந்த மரியாதையான வேணாம கேட்டுட்டு சாயங்காலம் படியேறி வர்ற பசங்க முகத்த பாத்திருக்கேன், கஷ்டமா தான் இருக்கும். ஆனா அது மட்டுமே வேலை இல்ல. சர்ச்ல வாராவாரம் இலவசமா இங்கிலீஷ் பேச சொல்லித் தராங்க, ரிட்டயர் ஆன தாத்தாங்க, வீட்ல இருக்குற பெண்கள்னு வராங்க, எங்க எதிர் வீட்டு பாட்டியும் போறாங்க. அந்த பாட்டி வாசல்ல பனி குவிஞ்சா இவங்க தான் வந்து அள்ளிப்போடுவாங்க. பாட்டி க்ரீன் டீ குடுப்பாங்க, அவங்களுக்கு டீ காபி ரெண்டும் கூடாதே, அதனால இப்போ அவங்களுக்குன்னே முகிச்சா, அதான் பார்லி வறுத்து போடுற தண்ணி, தனியா வெச்சிருக்காங்க.

இவங்க ஜப்பானுக்கு புதுசும் இல்ல. 1901ல ஹீபர் ஜே. கிராண்ட்ங்குற அப்போஸ்தலர் தலைமைல முதல்ல வந்தாங்க, பெருசா ஆள் சேரலன்னு 1924ல மூடிட்டு போனாங்க, போர் முடிஞ்சு 1948ல திரும்ப ஆரம்பிச்சாங்க. சப்போரோல 2016ல அவங்க சபைக்குன்னு கோயிலே கட்டிட்டாங்க. பழகுன ஊர் தான், பயப்படாதீங்க.

கோவை_எல்டர்:
அக்கா நான் கோயம்புத்தூர், நானும் மிஷன் போனவன் தான், ஆனா வெளிநாடு இல்ல, பெங்களூரு மிஷன். மேல யூட்டா அண்ணன் கட்டுப்பாடுன்னு சொன்னாரு, வெளிய இருந்து பாத்தா அப்படி தான் தெரியும், ஆனா 6:30க்கு எந்திரிக்கிறது பத்து நாள்ல பழகிடும். உண்மையான கஷ்டம் கம்பானியன். உங்களுக்கு யாருன்னே தெரியாத ஒருத்தர், நீங்க தேர்வு பண்ணாதவர், பாத்ரூம் தவிர இருபத்திநாலு மணி நேரமும் கண்ணு எட்டுற தூரத்துல இருக்கணும். அழணும்னு தோணுனா கூட தனியா உக்காந்து அழ முடியாது. எனக்கு வந்த ஒருத்தர் பேசவே மாட்டாரு, இன்னொருத்தர் விடாம பேசுவாரு, ரெண்டு பேர் கூடவும் ஒரே சட்டில சமைச்சு சாப்பிட்டு தான் ஆகணும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ட்ரான்ஸ்ஃபர் வரும், அப்ப ஊரும் மாறலாம் ஆளும் மாறலாம். புதுசா போறவனுக்கு முதல் பன்னெண்டு வாரம் ட்ரெய்னர்னு ஒருத்தர போடுவாங்க, அவர் நல்லா அமைஞ்சா பாதி பாரம் குறையும். அந்த ரெண்டாவது மூணாவது மாசம் தான் ரொம்ப சோர்வான நேரம், பேசுற மொழி பாதி புரியாது, வீட்டு ஞாபகம் வேற. அப்ப வர்ற ஒரு ஈமெயில நான் பத்து தடவை படிச்சிருக்கேன்.

பேசலாமான்னு கேட்டீங்க. 2019 பிப்ரவரிக்கு முன்னாடி கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும் தான் வீட்டுக்கு பேச முடியும், இப்போ வாராவாரம் பி-டே அன்னைக்கு வீடியோ கால் பண்ணலாம். பி-டேங்குறது துணி துவைக்க, கடைக்கு போக, வீட்டுக்கு எழுதன்னு விடுற நாள், பெரும்பாலும் திங்கள். அங்க திங்கள் காலைன்னா உங்களுக்கு ஞாயிறு சாயங்காலம். அந்த கால் அவங்க அம்மா அப்பாவுக்கு விட்டுடுங்க, அந்த கொஞ்ச நேரம் அவங்களுக்கு பத்தாது. நீங்க ஈமெயில் போடுங்க. நிறைய பேர் வாரம் ஒரு பொது மெயில் அனுப்புவாங்க, அந்த லிஸ்ட்ல உங்கள சேக்கச் சொல்லுங்க. எழுதும்போது எப்ப வருவ, கஷ்டமா இருக்கான்னு கேக்காதீங்க, அது இன்னும் ஏக்கத்த தான் கிளப்பும். இந்த வாரம் யார பாத்த, என்ன சமைச்ச, கம்பானியன் எந்த ஊருன்னு கேளுங்க. இன்னொண்ணு, ஒருவேளை உடம்பு மனசு சரியில்லாம பாதில திரும்பி வந்தான்னா எதுவும் கேக்காம பழைய மாதிரியே தோசை ஊத்தி குடுங்க. பாதில வர்ற பசங்கள ஊர் பாக்குற பார்வை தான் அவங்கள ரொம்ப உடைக்கும், அத நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன்.

லீஹை_அம்மா:
தம்பி, இத நான் ரெண்டு தடவை படிச்சேன், ரொம்ப நன்றிப்பா. யாரும் இவ்ளோ விளக்கமா சொல்லல. ஞாயித்துக்கிழமையில இருந்து அவனையும் என் பையனையும் சேத்து சமையல்கட்டுல நிறுத்தப் போறேன். பார்சல் மட்டும் யாராவது சொல்லுங்களேன், முறுக்கு, இட்லி பொடி, அவனுக்கு பிடிச்ச பீஃப் ஜெர்க்கி எல்லாம் அனுப்பலாம்னு இருக்கேன்.

ஹொக்கைடோ_தமிழ்:
ஜெர்க்கி வேணாம் சகோதரி, இறைச்சி சேந்த எதையும் ஜப்பான் கஸ்டம்ஸ் விடாது, மொத்த பார்சலும் மாட்டிக்கும். முறுக்கு, பொடி தாராளமா அனுப்புங்க, டப்பா மேல என்னன்னு இங்கிலீஷ்ல எழுதிடுங்க. அவன் தங்குற வீட்டு அட்ரஸுக்கு போடாதீங்க, பார்சல் வர்றதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபர் ஆயிடுவான், மிஷன் ஆபீஸ் அட்ரஸ அவங்க அம்மாகிட்ட வாங்கிக்கங்க.