சொல் வேண்டும்: லோங் எக்ஸ்போஷர்

மடல் 1 · வெள்ளவத்தை

வணக்கம்.

நிலக்காட்சிப் படம் எடுக்கப் பழகுவோருக்கான கைநூல் ஒன்று தமிழில் தயாராகிறது. லோங் எக்ஸ்போஷர், அதாவது ஒளியை நெடுநேரம் விழவிட்டு எடுக்கும் முறை பற்றிய அத்தியாயத்தில் வந்து முட்டி நிற்கிறது. மொழிபெயர்ப்புச் செயலிகள் ‘நீண்ட வெளிப்பாடு’ என்று தருகின்றன. வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிவது: கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு. கமராவில் நடப்பதோ வெளியே இருக்கும் ஒளி உள்ளே விழுவது. திசையே தலைகீழ்.

‘நெடுந்திறப்பு’ என்று வைக்கலாமா? ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் நெடுநேரம் திறந்து கிடக்கிறது, அதைத்தானே சொல்ல வேண்டும். கைநூலில் இப்படி வரும் (ஐஎஸ்ஓ ஒளியுணர்திறனின் எண், எஃப் லென்ஸ் துவாரத்தின் எண், என்டி ஃபில்டர் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி):

“வெள்ளவத்தைக் கடற்பாறைகளை மாலை வெயில் தணிந்தபின் ஐஎஸ்ஓ 100, எஃப் 11இல் அளக்கும்போது 1/60 செக்கன் காட்டுகிறது என்று வையுங்கள். பத்து ஸ்டொப் என்டி ஃபில்டரை மாட்டினால் அது 17 செக்கன் நெடுந்திறப்பு ஆகும்.”

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

மடல் 2 · கொட்டாஞ்சேனை

தம்பி, கொழும்பில் ‘நெடுந்திறப்பு’ என்றால் கோயில் பெருங்கதவின் திறப்பைத்தான் நினைப்பார்கள். சென்னையில் அது சாவி, இங்கே திறப்பு. ‘திறப்பைத் தொலைத்துப்போட்டேன்’ என்று தினமும் யாராவது சொல்லும் ஊரில் இந்தச் சொல் சிரிப்பை வாங்கும்.

சிரிப்பை விடுங்கள், இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. வில்லையின் (லென்ஸின்) துவாரத்தையும் பலர் திறப்பு என்றே எழுதுகிறார்கள்: எஃப் 4 பெரிய திறப்பு, எஃப் 16 சிறிய திறப்பு. பகல் வெளிச்சத்தில் ஷட்டரை நெடுநேரம் விட, துவாரத்தைச் சுருக்கத்தான் வேண்டும். ‘நெடுந்திறப்புக்குச் சிறுதிறப்பு வையுங்கள்’ என்று எழுதினால் பழக வந்தவர் கமராவை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவார்.

அதைவிட முக்கியமானது: எக்ஸ்போஷர் என்பது நேரம் அல்ல, அளவு. விழும் ஒளியின் செறிவை, அது விழும் நேரத்தால் பெருக்கினால் வருவது. ஃபில்டர் இல்லாமல் 1/60 செக்கனும், ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும் ஃபில்டரோடு 17 செக்கனும் ஒரே எக்ஸ்போஷர்தான். கமராவின் உணரியில் (சென்ஸரில்) சேர்ந்த ஒளி இரண்டிலும் ஒன்றே, நீண்டது நேரம் மட்டும். ‘நீண்ட’ என்பதை அளவின் தலையில் ஏற்றினால், ஒளி கூடிப்போய்ப் படம் வெளிறியது என்று பொருள்கொள்ள இடம் வருகிறது. பழகுவோர் பலர் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறார்கள். சொல்லிலேயே இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

ஒளியை ஏற்பது ஒளியேற்பு. கூடினால் மிகை ஒளியேற்பு, குறைந்தால் குறை ஒளியேற்பு. ஷட்டர் திறந்திருக்கும் காலம் ஏற்புநேரம். லோங் எக்ஸ்போஷர், நெடுநேர ஒளியேற்பு. சொல் நீளம் என்று முறையிடுவோருக்கு, நெடு + எழுத்து நெட்டெழுத்து ஆவதுபோல, நெடு + ஏற்பு ‘நெட்டேற்பு’.

மடல் 3 · தெகிவளை

> நெடு + ஏற்பு ‘நெட்டேற்பு’

ஐயா, இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் நெட்டேற்பு வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘குற்றேற்பு’ம் வரும். வாசிப்பவர் கூண்டில் நின்று குற்றத்தை ஏற்றுக்கொண்டவர் யார் என்று தேடுவார். போதாததற்கு, ஏற்பு என்று தனியே சொன்னால் துருப்பிடித்த ஆணி குத்தியவருக்குப் போடும் ஏற்பூசிதான் இங்கே ஞாபகம் வரும். நெட்டேற்பு, ஆறாத ஏற்புவலிபோல ஒலிக்கிறது. ஒளியோடு சேர்த்தே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. நெடுநேர ஒளியேற்புக்கு என் வாக்கு. ஏற்புநேரத்தையும் ‘ஒளியேற்பு நேரம்’ என்று விரித்துவிடலாம்.

பத்தியில் இன்னும் இரண்டு சொற்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது ஸ்டொப். இதை ‘மடங்கு’ என்று எழுதுவது பிழை. ஒரு ஸ்டொப் ஒளியைப் பாதியாக்கும். பத்து ஸ்டொப் என்றால் பத்துத் தடவை பாதியாக்குவது, அதாவது 1024 மடங்கு குறைப்பு. ‘பத்து மடங்கு’ என்று நம்பி 1/60ஐ 1/6 ஆக்கினால் வருவது கரிக்கட்டை. ‘படி’ பொருந்தும். ஏணிபோல ஒவ்வொன்றாக எண்ணலாம்: 1/60இலிருந்து 1/30, 1/15, 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8, பத்தாவது படியில் 16. கமராவில் 15 என்று இருக்கும், துல்லியக் கணக்கில் 17 வரும். மூன்றுக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது என்டி ஃபில்டர். ‘நடுநிலை அடர்த்தி வடிகட்டி’யில் மூன்று சொல்லும் தனித்தனியே சரி, சேர்ந்தால் ஒன்றும் விளங்காது. பள்ளிக்கூடப் பௌதிகவியலில் அடர்த்தி என்றால் திணிவைக் கனவளவால் வகுப்பது. இங்கே சொல்ல வருவது, நிறத்தைத் தொடாமல் ஒளியை மட்டும் மட்டுப்படுத்தும் கண்ணாடி. ‘மட்டுக்கண்ணாடி’ எப்படி? எந்தப் பெயரானாலும் ஓர் எச்சரிக்கை கைநூலில் வேண்டும். ஒரே கண்ணாடியின் விளிம்பில் ஒருவர் 10 படி என்றும், இன்னொருவர் என்டி 1000 என்றும், மற்றவர் 3.0 என்றும் பொறிக்கிறார்கள். ஆறு படி என்டி 64, அல்லது 1.8. மூன்று படி என்டி 8, அல்லது 0.9. கடைசி எண் மடக்கைக் கணக்கு: 0.3க்கு ஒரு படி. 3.0ஐ மூன்று படி என்று எண்ணி வாங்குவோர் உண்டு.

மாட்டும் ஒழுங்கையும் எழுதுங்கள். பத்துப்படிக் கண்ணாடிக்கூடாகப் பார்த்தால் பகலிலும் இருட்டு, தன்னியக்கக் குவிப்பு (ஓட்டோ ஃபோகஸ்) தடுமாறும். ஆகவே முதலில் முக்காலியில் சட்டகம் அமைத்து, குவித்து, குவிப்பைக் கைமுறைக்கு மாற்றி, கண்ணாடி இல்லாமல் ஒளியை அளந்து, அதன்பிறகே மாட்ட வேண்டும். திருகும்போது வில்லையின் முன்பக்கத்தைப் பிடித்தால் குவிப்பு வளையம் மயிரிழை அளவு திரும்பிவிடும். படம் முழுக்க மெத்தென்று வரும், காரணமும் பிடிபடாது. வளையத்தின் குறுக்கே ஒட்டுநாடா ஒரு துண்டு ஒட்டினால் தீர்ந்தது. கடற்காற்றின் உப்பு புரியில் படிந்து கண்ணாடி இறுகினால், இரண்டு விரலால் நெரித்துத் திருக வேண்டாம். நெரிக்க நெரிக்க வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். அகன்ற றப்பர் பட்டியை விளிம்பைச் சுற்றிப் போட்டு உள்ளங்கையால் சமனாகத் திருப்ப வேண்டும்.

மடல் 4 · பம்பலப்பிட்டி

மட்டுக்கண்ணாடி அழகான சொல்தான் அக்கா, ஆனால் கடையில் கேட்டால் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வழி காட்டுவார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளுக்குப் புழங்கும் பெயரை விட்டுவைப்போம்: ஃபில்டர், ஷட்டர், லென்ஸ். முக்காலி ஏற்கெனவே ஒட்டிக்கொண்டது, இருக்கட்டும். கடையில் வாங்க முடியாததற்கு, அதாவது கருத்துக்கு, சொல் செய்வோம். ‘பத்துப்படி ஃபில்டர்’ என்றால் கடைக்காரருக்கும் விளங்கும், கணக்கும் பிழைக்காது.

நெடுநேரம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்லாமல் இந்தச் சொல் நிற்காது. ‘கையில் பிடித்து எடுக்க முடியாத நேரம்’ என்பது பழைய அளவுகோல்: 50 மி.மீ. லென்ஸ் என்றால் 1/50 செக்கனுக்கு மேல். அதிர்வைத் தானே ஈடுகட்டும் கமராக்கள் வந்தபின் அந்த எல்லை கரைந்துவிட்டது. அசைவை வைத்துத்தான் வரையறுக்க வேண்டும்: அசைவது படத்தில் தடமாகப் பதியட்டும் என்று தெரிந்தே விடும் நேரம்.

அப்படிப் பார்த்தால் அரைச் செக்கனும் நெடுநேரமே. அலை கரையைத் தொட்டுப் பின்வாங்கும்போது நுரை மணலில் இழை இழையாக இழுபடும். அதற்கு அரை முதல் ஒரு செக்கன் போதும். அலை வரும்போது அமுக்கினால் வெறும் வெள்ளைக் குழப்பம். திரும்பத் தொடங்கும் கணத்தில் அமுக்க வேண்டும். 15 முதல் 30 செக்கனுக்குள் பாறைகளைச் சுற்றிப் புகை படர்ந்ததுபோல் வரும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் கடல் தகடாகிவிடும், மேகம்தான் இழுபடும். இடையில் இருக்கும் 4 செக்கன் எனக்குப் பிடிக்காத நேரம். இழையும் கலைந்திருக்கும், புகையும் கூடியிருக்காது.

பேரே வாவிக் கணக்கு வேறு. அங்கே சிற்றலைதான், 8 செக்கனில் தாமரைக் கோபுரத்தின் விம்பம் தண்ணீரில் நேராக விழும். ஆனால் கோபுர விளக்குகள் நிறம் மாறிக்கொண்டிருந்தால் 30 செக்கனில் சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளிறிய சாயம் ஒன்றே மிஞ்சும். ஒரு நிறம் நிலைத்து நிற்கும் நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

மரைன் டிரைவ் பக்கம் கோச்சி (ரயில்) பாதை கடலோடு ஒட்டி ஓடுகிறது. கோச்சி வரும் சத்தம் கேட்டால் ஷட்டரைத் தொடாதீர்கள், கல் அணையே அதிரும். மணலில் நிறுத்திய முக்காலி, அலை வந்து காலடி மணலை அரிக்கும்போது படத்தின் நடுவிலேயே இறங்கும். கால்களை அழுத்தி, ஓர் அலையை வந்துபோக விட்டு, மறுபடி அழுத்தினால்தான் நிலைக்கும். காற்றுக்காகப் பையைத் தொங்கவிட்டால் அதன் அடி நிலத்தில் படட்டும். ஆடும் பை முக்காலியையும் ஆட்டும்.

மடல் 5 · வெள்ளவத்தை

திறப்பைப் பூட்டி வைத்துவிட்டேன். நெடுநேர ஒளியேற்பு, ஒளியேற்பு நேரம், படி மூன்றும் ஏறுகின்றன. மிச்சம் இரண்டு: பல்ப் முறைக்கு ‘மின்குமிழ் முறை’ என்று ஒரு குறிப்பில் கண்டேன். ரெசிப்ரொசிற்றி ஃபெயிலியருக்கு ‘பரஸ்பரத் தோல்வி’ என்று இன்னொன்றில். இரண்டும் சரியா?

மடல் 6 · கொட்டாஞ்சேனை

மின்குமிழுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை தம்பி. பழைய கமராக்களில் றப்பர் குமிழ் ஒன்றைக் கையால் அமுக்க, குழாய் வழியே போன காற்று ஷட்டரைத் திறக்கும். கையை விட்டால் மூடும். அந்தக் குமிழின் பெயர்தான் இன்றைக்கும் ‘பி’ என்ற எழுத்தாக நிற்கிறது. பெரும்பாலான கமராக்கள் தாமாக எண்ணுவது 30 செக்கன் வரையே, அதற்கு மேல் ‘பி’க்குப் போக வேண்டும். ‘அமுக்குமுறை’ என்றால் செயலே பெயராகிவிடும். விரலால் நான்கு நிமிடம் அமுக்கிக்கொண்டு நின்றால் படம் ஆடும், பூட்டு வைத்த தொலைவிசை வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

‘பரஸ்பரத் தோல்வி’ இரண்டு நாடுகள் போரில் தோற்றதுபோல் இருக்கிறது. ஒளி பாதியானால் நேரத்தை இரட்டித்து ஈடுகட்டலாம் என்பது விதி. பிலிமில் ஒளி மிக மங்கும்போது அந்த ஈடு செல்லாது, இன்னும் கூடுதல் நேரம் கேட்கும். நட்சத்திர ஒளியைப் புகைப்படத் தகட்டில் அளக்கப்போன வானியலாளர் கார்ல் சுவார்ட்ஷில்ட் இதைக் கணக்கில் கொண்டுவந்தார். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமுக்கு நிறுவனம் தரும் விதி, அளந்த நேரத்தை 1.31 அடுக்குக்கு உயர்த்துவது: 10 செக்கன் 20 ஆகும், 30 செக்கன் 86 ஆகும். ‘ஈடுவழு’ போதும்.

டிஜிட்டல் உணரிக்கு ஈடுவழு இல்லை, அதற்கு வேறு நோய். நேரம் கூடக்கூட உணரி சூடேறி, இருட்டுப் பகுதியில் சிவப்பு, நீலப் புள்ளிகள் முளைக்கும். இரவிலும் புழுங்கும் கொழும்பில் இது இன்னும் கூடும். இதற்காகக் கமரா, அதே நேர அளவுக்கு ஷட்டரை மூடியபடி இன்னொரு படம் எடுத்துக் கழிக்கிறது. அதை ‘இருட்படம்’ எனலாம். நான்கு நிமிடப் படத்துக்கு இன்னும் நான்கு நிமிடக் காத்திருப்பு. கமரா பழுதென்று நினைத்து பற்றரியைக் கழற்றினால் படமும் போய்விடும்.

மடல் 7 · தெகிவளை

ஈடுவழு, இருட்படம் இரண்டுக்கும் சம்மதம்.

ஐயா சொன்ன அந்த எட்டு நிமிடத்தை எங்கள் அந்தியோடு வைத்துப் பாருங்கள். கொழும்பு மத்தியகோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குள் இருக்கிறது, சூரியன் செங்குத்தாக இறங்குகிறது. சூரியன் மறைந்து இருபது நிமிடம் சொச்சத்தில் அந்தி வெளிச்சம் முடிந்துவிடும். இருட்படத்தோடு எடுத்தால் இரண்டு படத்துக்குத்தான் நேரம். அந்த வேளையில் மட்டும் இருட்படத்தை அணைத்துவிட்டு, கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நேரத்துக்கு ஒன்று எடுத்து, வீட்டில் கழிக்கலாம்.

இன்னொரு பொறி. அந்த நேரத்தில் ஏறத்தாழ நான்கு நிமிடத்துக்கு ஒரு படி வீதம் ஒளி குறைகிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் அளந்து, நான்கு நிமிடம் என்று கணித்து, நான்கு நிமிடமே விட்டால், ஒளியேற்பு அரைப்படி குறைந்து வரும். நேரத்தைக் கூட்டி ஈடுகட்டப் போனால் நான்கு, ஏறக்குறைய ஏழு நிமிடமாக நீளும், ஏனென்றால் கூட்டும் நிமிடங்களும் இருண்டவை. நேரத்தைத் தொடாமல் ஐஎஸ்ஓவை 100இலிருந்து 160 ஆக்குவதே வழி. ஒளியேற்பு நேரம் சரி, ஒளியேற்பு குறை. ‘நெடுந்திறப்பு’ வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், எழுத வராது.

கைநூலுக்குத் திருத்திய பத்தி:

“வெள்ளவத்தைக் கடற்பாறைகளை ஐஎஸ்ஓ 100, எஃப் 11இல் அளந்தால் ஒளியேற்பு நேரம் 1/60 செக்கன். பத்துப்படி ஃபில்டரை மாட்டியபின் அது 17 செக்கன். ஒளியேற்பு மாறவில்லை. இது நெடுநேர ஒளியேற்பு. இன்னும் நேரம் வேண்டுமென்று எஃப் 22க்குப் போகாதீர்கள்: ஒளி விளிம்பில் வளைந்து படம் மழுங்கும், உணரியின் தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். மூன்றுபடி ஃபில்டர் ஒன்றை மேலே சேருங்கள், 2 நிமிடம் 17 செக்கன் கிடைக்கும். அகலக் கோண லென்ஸில் இரண்டு ஃபில்டரின் விளிம்பும் மூலைகளில் கறுப்பாக விழுகிறதா என்று முதலே பாருங்கள்.”

அமுக்குமுறையில் மட்டும் ஒரு தயக்கம். கமராவில் முறையை மாற்றும் சில்லில் ‘பி’ என்றுதான் இருக்கிறது. முதல் முறை ‘அமுக்குமுறை, சில்லில் பி’ என்று எழுதிவிட்டால் போதாதா?